இருபத்தேழாம் வரி

ஜூன் 4

அண்ணிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே குப்பையில் போடலாமா என்று யோசித்திருப்பீர்கள். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் நீங்கள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் பார்க்க வந்த கடிதத்தை யாரும் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். முகவரி அண்ணன் கொடுத்தது. எதற்கென்று கேட்கவில்லை. மாதம் ஒரு தடவை போனில் பேசும்போதெல்லாம், மனைவியும் தங்கையும் என்றைக்காவது ராசியாகிவிடுவார்கள் என்று அவர் காத்திருப்பது எனக்குத் தெரிகிறது. நாம் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மனிதர் விண்வெளிக்குப் போன வரலாற்றை எங்கள் விண்கல ஏவு நிலையம் புத்தகமாகப் போடுகிறது. முதல் மனிதர் நூற்றெட்டு நிமிடம் பறந்துவிட்டு வயல்வெளியில் இறங்கியது, கலத்துக்கு வெளியே முதலில் மிதந்தவரின் உடை உப்பிப்போய் உள்ளே நுழைய முடியாமல் தவித்தது, நிலவில் கால் வைத்தது எல்லாவற்றையும் பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள். நம் நிலையத்துப் பயணங்கள் மட்டும் என் தலையில் விழுந்திருக்கின்றன. மூன்றாவது பயணம் பற்றி இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

‘கலம் தரையில் மோதி இறங்கும்போது வீரரின் இருக்கை கீழே சறுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். கலத்தை லாரியில் கொண்டுவரும்போது இருக்கை ஆடாமலிருக்க அடியில் ஒரு பயணப் பூட்டு போடப்படும். புறப்படுமுன் அதை விடுவிக்க வேண்டும். பெண் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் மூன்றாவது பயணத்தில் அது விடுவிக்கப்படவில்லை. வீரரின் முதுகெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் பறக்கவில்லை.’

அந்தப் பெண் பணியாளர் நீங்கள். புறப்படுமுன் சரிபார்க்கும் பட்டியலை வாசித்தவள் நான். மொத்தம் நாற்பத்தொரு வரி. நான் கலத்தின் வாசலில் நின்று வாசிக்க, நீங்கள் உள்ளே படுத்தபடி ஒவ்வொன்றாகச் செய்து முடித்து ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் காதால் கேட்ட பிறகுதான் நான் டிக் அடிக்க வேண்டும். பட்டியலின் தலையிலேயே அந்த விதி அச்சாகியிருக்கும்.

பூட்டை விடுவிப்பது இருபத்தேழாம் வரி. அங்கே நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு இப்போது மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. உங்கள் வார்த்தையில் எழுதி அனுப்பினால் அத்தியாயத்துக்கு உதவியாக இருக்கும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

வாயாடி

ஜூன் 15

வாயாடிக்கு,

கடிதத்தைத் தலைமை டாக்டரே கொண்டுவந்து கொடுத்தார். “உங்களுக்கு லெட்டர் போடக்கூட ஆள் இருக்கா?” என்றார். நான் அப்போது நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தேன். இங்கே பதினொரு நாற்காலிகள். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளியோடு நாற்காலி திடீரென்று கீழே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நிலையம் என்னைத் துரத்தியபோது, ஓர் இருக்கைக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை.

எனக்குப் பேச வராது என்று சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைத்தவள் நீ. அரைச்சொல் என்று பட்டப்பெயரும் வைத்தாய். எழுத எனக்கு நன்றாகவே வரும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஞாபகம் மங்கிவிட்டதா உனக்கு? என் கல்யாணத்தில் போட்டோக்காரர் எத்தனை தடவை தும்மினார் என்று போன மாதம்கூட உன் அண்ணனிடம் போனில் சொன்னாயே. பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது.

நான் “ம்” என்றேன். இதை விசாரணைக் குழுவிலும் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ம்-னா என்னம்மா அர்த்தம்? ஆமாவா, இல்லையா, கேக்குதுன்னு அர்த்தமா?” என்றார். “கதை கேக்கறவங்க ம் கொட்டுவாங்களே, அதுவா இருக்கும் சார்” என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து உன்னைக் கேட்டார்கள். “ஆச்சுன்னு தெளிவா சொன்னாங்க சார்” என்றாய். அதைச் சொல்லும்போது சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உனக்குத் தெரிந்ததை என்னிடம் கேட்காதே.

ஜூன் 24

அண்ணி,

உங்கள் கடிதத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன். யாராவது படித்துவிடுவார்களோ என்று பயம். படித்தால் என்ன ஆகிவிடும் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

பொய் சொன்னேன். ஒரு வார்த்தையும் எனக்கு மங்கவில்லை. நீங்கள் ‘ம்’ என்றுதான் சொன்னீர்கள்.

அன்று காலை நிலையத்து பஸ்ஸில் நான் என்ன செய்தேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் பேசுவதைப் போல நடித்துக் காட்டினேன். ‘சாப்பிட்டீங்களா அண்ணி? ம். வீடு பத்திக்கிட்டு எரியுது அண்ணி. ம்.’ பஸ்ஸே சிரித்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பிறகு கலத்துக்குள் போனதும் முதல் வரியிலிருந்தே ‘ம்’ மட்டும்தான் வந்தது. கோபம் என்று புரிந்தது. வேறு யாராவது உள்ளே இருந்திருந்தால், “ஆச்சா இல்லையா, வாயைத் திறந்து சொல்லு” என்று அதட்டியிருப்பேன். உங்களிடம் கேட்கவில்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள், உங்கள் ‘ம்’ ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று எனக்கு அத்துப்படி என்று ஒரு திமிர். இருபத்தாறு வரிக்கு அந்தத் திமிர் பலித்தது. இருபத்தேழில் பலிக்கவில்லை.

விசாரணையில் உண்மையைச் சொல்லத்தான் போனேன். தலைவர் பட்டியலை என் பக்கம் திருப்பி, அச்சாகியிருந்த விதியை விரலால் தொட்டுக் காட்டினார். என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் அசிங்கம். விதியை மதித்தவள் என்று சொல்லி, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பட்டியல் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். முந்நூறு பேருக்கு மேல் கற்றுக்கொடுத்துவிட்டேன். ‘ஆச்சு டீச்சர்’ என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ‘ம்-ஐ ஏத்துக்காதே’ என்று மேஜையைத் தட்டிச் சொல்லும்போதெல்லாம் உடம்பு கூசும். ஆனாலும் மறுநாள் போய் மறுபடி தட்டுவேன்.

இந்தப் புத்தகத்துக்காகப் பழைய விபத்துகளைப் பற்றிப் படித்தேன். தரையில் ஒத்திகை நடக்கும்போதே தீப்பிடித்து மூன்று பேர் போனார்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவைத் திறக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு வால்வு திறந்துகொண்டு மூன்று பேர் போனார்கள். எல்லாப் புத்தகத்திலும் வால்வுதான் திறந்துகொள்கிறது, கதவுதான் மாட்டிக்கொள்கிறது. கை வைத்த ஆள் யார் என்று இருக்காது. என் அத்தியாயத்தில் மட்டும் ஒரு பெண் பணியாளர் இருக்கிறார். அவரை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான்.

அதை அடித்துவிட்டு மாற்றி எழுதியிருக்கிறேன்: ‘பட்டியலை வாசித்தவர், உரிய சொல்லைக் கேட்காமலே குறியிட்டார். கேட்டதாக விசாரணையில் பொய் சொன்னார். அவரே இந்த அத்தியாயத்தை எழுதுகிறார்.’ எழுதி முடித்த பிறகு எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன்.

வாயாடி

ஜூலை 6

வாயாடிக்கு,

நிம்மதியாகத் தூங்கினாயா. நல்லது.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். அன்று டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். இருக்கைக்கு அடியில் ஒரு கைதான் நுழையும். இன்னொரு கையால் டார்ச் பிடிக்க இடமில்லை. பூட்டின் லீவர் இறுகிப்போயிருந்தது. நீ இருபத்தேழை வாசித்தபோது நான் சொன்ன ‘ம்’முக்கு ‘இரு’ என்று அர்த்தம். நீ டிக் அடித்துவிட்டு இருபத்தெட்டுக்குப் போய்விட்டாய். அது எனக்குத் தெரிந்தது. டார்ச்சை வாயிலிருந்து எடுத்து ‘இன்னும் ஆகலை’ என்று ஒரே ஒரு முழு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு உன்னிடம் முழு வார்த்தை பேசுவதில்லை என்று வீம்பு. அடுத்து வரும் கதவு வேலையை முடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் லீவரைத் திருகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன்.

குழுவில் இதை நான் சொல்லவில்லை. ‘ம்’ என்றேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நீ பொய் சொன்னாய், நான் பாதியை விழுங்கினேன். முதுகு முறிந்த அந்தக் கேப்டன் ஊன்றுகோலோடு டிவியில் வந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. சும்மா நிற்பேன்.

ஆனால் நான் செய்யாததற்கும் ஒரு தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். அது உனக்குத் தெரியாது. உன் அண்ணன் உன்னை நம்பினார். செய்யாத வேலையை ஆச்சு என்று சொல்லிவிட்டு, மாட்டிக்கொண்டதும் அவர் தங்கை மேல் பழியைத் தூக்கிப் போடப் பார்த்தவள் நான் என்பதுதான் அவர் கணக்கு. ஒரு நாள்கூடத் திட்டியதில்லை. விசாரணை முடிந்த அன்றே என் தோளைத் தட்டி, “போனது போகட்டும், நான் மன்னிச்சுட்டேன்” என்றார். நான் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து மன்னித்துக்கொண்டே இருக்கிறார். நான் பூட்டின கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். காஸை மூடினேன் என்றால், “மூடியிருப்பே, மூடியிருப்பே” என்று சொல்லிக்கொண்டே போய்ப் பார்ப்பார். அவர் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொண்டிருப்பேன்.

புத்தகத்தில் எழுதுவது உனக்குச் சுலபம். படிக்கிறவர் முகத்தை நீ பார்க்க வேண்டியதில்லை. உன் அண்ணனிடம் சொல்லு. அதுதான் எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஜூலை 13

அண்ணி,

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டேன். சொல்லிவிடத்தான் போட்டேன். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அதுவே இருபது நிமிடம் ஓடியது. அப்புறம் மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம். வைக்கப்போகும்போது அவரே சொன்னார்: “அண்ணியை நான் என்னிக்கோ மன்னிச்சுட்டேன்மா. நீயும் மனசுல வெச்சுக்காதே.” இதை அவர் சொல்வது முதல் தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் “சரிண்ணா” என்பேன். இந்தத் தடவையும் சொன்னேன். போனை வைத்துவிட்டு என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

எங்கள் அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். என் சடையைப் பின்னக் கற்றுக்கொண்டவர். ‘என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா’ என்று அவர் ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது உங்களுக்கும் தெரியும். அந்த ஒன்றை அவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

இன்னொன்று. நான் மாற்றி எழுதியதை இயக்குநர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். “பத்தொம்பது வருஷம் கழிச்சு இதெல்லாம் எதுக்கும்மா? வரலாறுல ஆளுங்க சண்டை வேண்டாம். மனிதத் தவறுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுங்க” என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் உங்கள் மேல் பழி இல்லை, பெண் பணியாளர் என்று இல்லை. என் மேலும் இல்லை. யாருக்கும் வலிக்காது. அப்படியே விட்டுவிடலாமா அண்ணி? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

ஜூலை 20

மனிதத் தவறு என்றால் எந்த மனிதர்?

முடிவை என் தலையில் கட்டாதே. ஒரு தடவை கட்டியது போதும். இனிமேல் மருத்துவமனைக்குக் கடிதம் போடாதே.

ஆகஸ்ட் 3

அண்ணி,

போடாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

இயக்குநரிடம், நான் எழுதியபடி வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார். அத்தியாயத்தை வேறொருவர் முடிக்கிறார். மனிதத் தவறு என்றுதான் வரும். மனிதர் விண்ணுக்குப் போன வரலாற்றில் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். வழக்கம்போல இருபத்தேழாம் வரியை உதாரணமாக எடுத்தேன். இத்தனை வருடமும் ‘ஒரு அம்மா செய்யாமலே ஆச்சுன்னு சொல்லிட்டாங்க’ என்று சொல்லிக்கொடுத்த பாடம். “அந்தம்மா அப்படிச் சொல்லலை, சொன்னாங்கன்னு நான் பொய் சொன்னேன்” என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் இருந்த பெண் மட்டும், “அந்தம்மா இப்ப என்ன பண்றாங்க மேடம்?” என்று கேட்டாள். முந்நூறு பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி. பல் மருத்துவமனையில் நாற்காலி பழுது பார்க்கிறார்கள் என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது என்னைப் பதிவேட்டு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். வீட்டு முகவரிக்கு, அவர் பெயருக்கு, பதிவுத் தபாலில். போனில் வாய் வராது என்று தெரிந்துபோயிற்று. வாயாடி என்று எனக்குப் பேர் வைத்தவர்கள் வந்து பார்க்க வேண்டும். பஸ்ஸில் நடித்தது, டிக் அடித்தது, விசாரணையில் சொன்னது, அவர் அண்ணியை மன்னிச்சுட்டேன் என்னும்போதெல்லாம் சரிண்ணா என்றது, எல்லாம் எழுதியிருக்கிறேன். டார்ச்சைப் பற்றி எழுதவில்லை. அது உங்களுடையது.

மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் உங்கள் மேல் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17

வாயாடிக்கு,

கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, வாசலில் நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார். சமையலறைக்கு வந்து, “நீ அன்னிக்கே சொன்னியே” என்றார். “சொன்னேன்” என்றேன். “நான் நம்பலை” என்றார். “ஆமா” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். முட்டிவலியோடு எவ்வளவு தூரம் நடந்தாரோ தெரியாது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

நாலாம் நாள், “அவ சின்னப் பொண்ணு அப்ப. பயந்திருப்பா. நான் மன்னிச்சுட்டேன்னு ஒரு வரி எழுதிப் போட்டுடறேன்” என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. “என்னை மன்னிச்ச மாதிரி அவளையும் அவசரப்பட்டு மன்னிச்சுடாதீங்க. முதல்ல அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேளுங்க. என்கிட்ட நீங்க ஒரு தடவை கூடக் கேக்கலை” என்றேன். நம் வீட்டில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அவர் கொஞ்ச நேரம் பேனாவையே உருட்டிக்கொண்டிருந்தார். “அப்ப நீ என்னை மன்னிக்கணுமே” என்றார். “அவசரமில்லை, இருங்க” என்றேன். இன்னும் சொல்லவில்லை. காத்திருக்கிறார். அவர் அதைக் கொடுத்துத்தான் பழகியவர், கேட்டுக் காத்திருந்து பழக்கமில்லை. கொஞ்சம் பழகட்டும்.

உனக்கும் அதேதான். வகுப்பில் நீ சொன்னதைப் படித்து அழுதேன் என்பது உண்மை. அதனால் எல்லாம் தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. டார்ச்சைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவர் இப்போது என்னை, ஒரு பாவமும் அறியாதவளைப் பழி சுமக்க விட்டுவிட்டோமே என்று பார்க்கிறார். நேற்று பக்கத்து வீட்டுக்காரரிடம், “என் வீட்டுக்காரி ஒரு தப்பும் பண்ணலை சார், பத்தொம்பது வருஷம் வாயைத் திறக்காம இருந்தா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் துணி காயப்போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேசவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது. நீ அத்தனை வருடம் எப்படி இருந்திருப்பாய் என்று எனக்கு நேற்றுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. நீ பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன். இன்னும் ஒரு மாதம் போனால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருக்கிறது.

அண்ணி